எங்க மாட்டு ரத்தம் எங்க போச்சு?

மூணு வருசத்துக்கு முன்னால் மீஞ்சூர்ப் பக்கம் எங்கள் காலனிக்கு ஒரு வேன் வந்தது. மனுசங்க ரத்தம், மாட்டு ரத்தம், ஆட்டு ரத்தம் எல்லாம் குழாய் குழாயாக எடுத்து ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனார்கள். மாட்டைக் கட்டிப் பிடித்தது எங்க பசங்க. கொம்பு பட்டு விலா வீங்கியதும் எங்க பையனுக்குத்தான். "ரிசல்ட் வந்ததும் சொல்றோம்மா" என்றார்கள். பெரியம்மா இன்னமும் கேட்கிறாள்: "அந்த ரத்தம் இன்னாத்துக்கு எடுத்தாங்கோ? எம் மாடு ரெண்டு தபா கன்னு வீசிச்சே, அத ஒருத்தரும் கேக்கலியே?"

இது லேசான கேள்வி இல்லை தோழர்களே. மாடு கன்று வீசப் பல காரணம் உண்டு. புருசெல்லா கிருமி அதில் ஒன்று. வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் அள்ளுகிறவருக்கும், காய்ச்சாத பால் குடிக்கிறவருக்கும் அது தொற்றும். விட்டுவிட்டுக் காய்ச்சல், மூட்டு வலி என்று மாதக்கணக்கில் வாட்டும். எங்க வீட்டில் அள்ளுவது பெரியம்மா. மூட்டு வலியும் அவளுக்குத்தான். இது அந்தக் கிருமியா, வயசா, கரிக்கிற தண்ணியா? 1960களின் கடைசியிலிருந்து மணலித் தொழிற்சாலைகளுக்காக மீஞ்சூரின் நிலத்தடி நீரை உறிஞ்சியதில் கடல் உள்ளே ஏறிவிட்டது. உப்பு எத்தனை கிலோமீட்டர் வந்தது என்று அளந்து கட்டுரை எழுதியவர்கள் நிறைய. அந்தத் தண்ணியைக் குடிக்கிற மாட்டுக்கு என்ன ஆச்சு என்று மாடு வளர்க்கிறவளிடம் கேட்க வந்தவரை எங்க தெருவில் நான் பார்த்ததில்லை.

இந்த வழக்கம் பழசு. 1968இல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில் பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி. ஒரு பகுதியினருக்குப் போட்டது மருந்தில்லாத ஊசி. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்று 1979இல் முடிவு வந்தது. பதினைந்து வருடத் தொடர்கணக்கும் 1999இல் அதையே சொன்னது. உலகம் பூரா மருத்துவ மாணவர்கள் 'செங்கல்பட்டு' என்று படிக்கிறார்கள். கை நீட்டியவர்களின் தெருவில் அந்த முடிவைத் தமிழில் வாசித்துக் காட்டியது யார்? எந்தக் கோயில் திண்ணையில்? அந்தத் திண்ணையில் நாங்க உட்கார முடிந்ததா?

ஆராய்ச்சியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. காசநோயாளியை ஆஸ்பத்திரியில் அடைக்க வேண்டாம், வீட்டிலேயே மாத்திரை தந்து குணமாக்கலாம் என்று 1959இல் உலகத்துக்குக் காட்டியது சென்னை ஏழைகளின் உடம்பு. அதில் நமக்குப் பெருமை உண்டு. பங்கு எங்கே என்பதுதான் என் கேள்வி.

இப்போது 'மக்கள் பங்கேற்பு' என்கிறார்கள். சந்தோசம். ஆனால் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. செத்த மாட்டைத் தூக்கிப் போடு என்று ஊர் நம்மேல் சுமத்தியது. தூக்கித் தூக்கியே அடைப்பான் எது, சப்பை நோய் எது என்று நம் தாத்தன்களுக்குத் தெரிந்தது. அந்த அறிவுக்கு ஊர் வைத்த பெயர் தீட்டு. 1927இல் மகாடில், செத்த மாட்டைத் தொடாதே என்றார் அம்பேத்கர். இன்றைக்குப் 'பாரம்பரிய அறிவு' என்று தேனொழுகப் பேசிக்கொண்டு, மாட்டைப் பிடிக்கவும் சாணம் அள்ளவும் பெட்டி தூக்கவும் தினக்கூலிக்கு நம்மைக் கூப்பிட்டால், அது பழைய வெட்டியான் வேலைதான். கட்டுரையில் பெயர் அவர்களுக்கு, கொம்புக் குத்து நமக்கா?

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 2011இல் உலகத்தை விட்டே ஒழிந்த மாட்டு வெக்கை நோயை, எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் 1990களில் விரட்டியவர்கள் மேய்ப்பர்கள். வெயில் தாங்கும் தடுப்பு மருந்து வந்ததும் அவர்களே பயிற்சி எடுத்து ஊசி போட்டார்கள்.

நம் நாட்டிலும் சட்டதிட்டத்துக்குக் குறைவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் சமூகத்தோடு கலந்து பேசச் சொல்கின்றன. நெறிக்குழுவில் சாமானியர் ஒருவர் இருக்கணும் என்கின்றன. அந்தச் சாமானியர் எந்தத் தெருக்காரர் என்று விசாரியுங்கள், மாணவத் தோழர்களே. உங்கள் கல்லூரியிலேயே ஆரம்பிக்கலாம்.

எங்க தெருவில் ப்ளஸ் டூ படிக்கிற ரெண்டு பொண்ணுங்க ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார்கள். எந்த வீட்டு மாடு எந்தத் தேதியில் கன்று வீசியது, யார் அள்ளினது, யாருக்குக் காய்ச்சல், எந்தக் கிணற்றுத் தண்ணி. பெரியம்மா மாடுதான் முதல் பக்கம். அடுத்த வேன் வந்தால் முதலில் அந்த நோட்டைப் படித்துப் பதில் சொல்லட்டும். மாட்டை அப்புறம் பிடிக்கிறோம்.