ஆலோசனை போதாது, பங்கு வேண்டும்

இங்கிலாந்தின் சுயாதீன உதைபந்தாட்ட ஒழுங்காற்று ஆணையத்தின் தலைவர் அவர்களுக்கு,



2025 ஜூலையில் அரச ஒப்புதல் பெற்ற உதைபந்தாட்ட ஆளுகைச் சட்டம் உங்கள் ஆணையத்தைச் சட்டப்படி நிறுவியது. மேல் ஐந்து பிரிவுகளில் ஆடும் 116 கழகங்கள் இனி உங்களிடம் உரிமம் பெற்றே ஆட வேண்டும். கழகத்தை வாங்க வருபவர் யார், அவருடைய பணம் எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் கேட்கலாம். கழகத்தின் சின்னத்தையும் சொந்த மைதானத்தில் அணியும் சட்டையின் நிறத்தையும் இரசிகர்களில் பெரும்பான்மையோரின் ஆதரவில்லாமல் மாற்ற முடியாது. மைதானத்தை விற்கவும் வேறு ஊருக்குப் போகவும் உங்கள் அனுமதி வேண்டும். முக்கியமான விடயங்களில் இரசிகர்களைக் கலந்தாலோசிப்பதும் கட்டாயமாகியிருக்கிறது. இவற்றுக்காக ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதியவர்கள், கூட்டம் கூட்டியவர்கள், மழையில் பதாகை பிடித்து நின்றவர்கள் எல்லோர் சார்பிலும் இதை மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன்.

ஆனால் இந்தச் சட்டம் ஒன்றைத் தராமல் விட்டுவிட்டது. கழகத்தில் இரசிகர்களுக்கு ஒரு பங்கு. ஐரோப்பிய சூப்பர் லீக் என்ற மூடிய போட்டித் தொடரை அமைக்கும் முயற்சி 2021 ஏப்ரலில் சில நாட்களிலேயே சரிந்ததை அடுத்து, டிரேசி கிரவுச் தலைமையில் அரசு நடத்திய மீளாய்வு அதே ஆண்டு நவம்பரில் வெளியானது. ஒவ்வொரு கழகத்திலும் இரசிகர் அமைப்பொன்றின் கையில் ‘தங்கப் பங்கு’ ஒன்று இருக்க வேண்டும், கழகத்தின் மரபைத் தொடும் முடிவுகளைத் தடுக்கும் வாக்கு அதற்கு இருக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. சட்டம் இறுதி வடிவம் பெற்றபோது அந்தப் பங்கு கட்டாயமாகவில்லை. அதைப் பற்றி எழுதவே இந்த மடல்.

நான் வாழ்வது தென்மேற்கு லண்டனில். ஈழத் தமிழர் செறிந்து வாழும் ரூட்டிங், மிச்சம் பகுதிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது விம்பிள்டனின் பிளவ் லேன் தெரு. 1988இல் லிவர்பூலை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கிண்ணம் தூக்கிய கழகத்தின் இடம் அது. 1991இல் அந்தக் கழகம் பிளவ் லேனை விட்டு வெளியேறி, வேறொரு கழகத்தின் மைதானத்தில் ஆடத் தொடங்கியது. உரிமை நோர்வேச் செல்வந்தர்களின் கைக்குப் போனது. 2002 மே 28 அன்று, இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் அமைத்த மூவர் குழு, இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில், கழகத்தை ஏறக்குறைய 90 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸ் நகருக்குக் கொண்டுபோக அனுமதித்தது. இரசிகர்களின் எதிர்ப்பு அந்தக் குழுவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எதிர்த்தவர்களின் கையில் வாக்கு இல்லை.

அதன்பின் அந்த இரசிகர்கள் செய்தது நாட்டுக்கே தெரியும். சில வாரங்களில் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற புதிய கழகத்தைத் தொடங்கினார்கள். விம்பிள்டன் பொதுவெளிப் புல்தரையில் தேர்வு நடத்தி ஆட்டக்காரரைச் சேர்த்தார்கள். ஒன்பது ஆண்டுகளில் ஐந்து முறை தரம் உயர்ந்து 2011இல் உதைபந்தாட்ட லீக்கில் நுழைந்தார்கள். கழகம் டொன்ஸ் டிரஸ்ட் என்ற ஆதரவாளர் அறக்கட்டளையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. புதிய பிளவ் லேன் மைதானத்தைக் கட்டிமுடிக்கப் பணம் போதாமல் போனபோது, வெளியாருக்குப் பங்கை விற்பதா என்ற கேள்வி எழுந்தது. இரசிகர்கள் கடன்பத்திரம் வெளியிட்டு 50 இலட்சம் பவுணுக்கு மேல் திரட்டினார்கள். 2020 நவம்பரில் கழகம் தன் சொந்தத் தெருவுக்குத் திரும்பியது. பறிகொடுத்ததை மீட்க 18 ஆண்டுகள் ஆயின. அவ்வளவு பாடுபட்டு மீட்கும் வல்லமை எல்லா ஊருக்கும் வாய்க்காது. வாய்க்க வேண்டிய தேவையும் இருக்கக் கூடாது.

இரசிகர்கள் விரும்பினால் சந்தையில் பங்கு வாங்கிக்கொள்ளலாமே என்று உங்களிடம் சிலர் சொல்வார்கள். அது நடந்து பார்த்த வழி. 1998இல் பி.ஸ்கை.பி. தொலைக்காட்சி நிறுவனம் மன்செஸ்டர் யுனைட்டட் கழகத்தை வாங்க முன்வந்தபோது, பங்கு வைத்திருந்த இரசிகர்கள் ஒன்றுசேர்ந்து எதிர்த்தார்கள். அரசு 1999இல் அந்த விற்பனையைத் தடுத்தது. 2005இல் கிளேசர் குடும்பம் வந்தபோது அதே இரசிகர்களால் தடுக்க முடியவில்லை. பெரிய பங்குதாரர்கள் விற்றார்கள். கிளேசர்களின் பங்கு குறித்த அளவைத் தாண்டியதும், விற்க மறுத்த சிறு பங்குதாரர்களின் பங்குகளும் சட்டப்படி கட்டாயமாக வாங்கப்பட்டன. கழகத்தை வாங்கப் பெற்ற கடனின் பெரும்பகுதி கழகத்தின் தலையிலேயே சுமத்தப்பட்டது.

2018இல் ஆர்சனலிலும் இதுவே நடந்தது. பெரும்பங்குதாரர் ஸ்டான் குரோங்கியின் பங்கு 90 சதவீதத்தைத் தாண்டியது. தாத்தா, தந்தை வழியாக வந்த ஒற்றைப் பங்கைப் பத்திரமாக வைத்திருந்தவர்களும் அதைக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு பங்குக்கு ஏறக்குறைய 29,400 பவுண் கிடைத்தது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று இயக்குநர்களைக் கேள்வி கேட்கும் உரிமை போய்விட்டது. அந்த உரிமைக்காகவே அவர்கள் பங்கை வைத்திருந்தார்கள்.

பங்குகளை ஓர் அறக்கட்டளையின் கீழ் ஒன்றுசேர்த்தால் மட்டும் போதுமா? சுவான்சியைப் பாருங்கள். அங்கே ஆதரவாளர் அறக்கட்டளையிடம் கழகத்தின் 21 சதவீதப் பங்கு இருந்தது. நிர்வாகக் குழுவில் ஓர் இடமும் இருந்தது. இரசிகர் உரிமைக்கு எடுத்துக்காட்டாக நாடு முழுவதும் காட்டப்பட்ட கழகம் அது. 2016இல் மற்றப் பங்குதாரர்கள் அமெரிக்க முதலீட்டாளர்களுக்குக் கழகத்தை விற்றபோது, அந்தப் பேச்சுவார்த்தையில் அறக்கட்டளைக்கு இடம் தரப்படவில்லை. பிணக்கு 2022 வரை இழுபட்டே தீர்ந்தது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருந்தும், அந்தப் பங்கோடு தடுக்கும் உரிமை இணைக்கப்படாததால் அவர்களை ஒதுக்கிவிட்டு விற்க முடிந்தது.

ஆகவே நான் கேட்பது எத்தனை சதவீதம் என்ற கணக்கை அல்ல. தனி வகைப் பங்கு ஒன்று, ஒரே ஒரு பங்கு. அதை உறுப்பினர்கள் வாக்களித்து நடத்தும் ஆதரவாளர் அறக்கட்டளை வைத்திருக்க வேண்டும். மைதானத்தை விற்பது, கழகத்தை இடம்பெயர்ப்பது, பெயரையும் நிறத்தையும் மாற்றுவது, மூடிய போட்டித் தொடரொன்றில் சேர்வது ஆகியவற்றுக்கு அந்தப் பங்கின் சம்மதம் வேண்டும் என்று கழக நிறுவனத்தின் அமைப்பு விதிகளிலேயே எழுதப்பட வேண்டும். தனி வகைப் பங்கின் உரிமையை, அதை வைத்திருப்பவரின் சம்மதமின்றிப் பறிக்க முடியாதபடி விதிகளை அமைக்கலாம். சாதாரணப் பங்குகளில் 90 சதவீதத்தை ஒருவர் சேர்த்துவிட்டாலும் இது அவர் கைக்குப் போகாது.

இது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. மேற்கு லண்டனில் பிரென்ட்ஃபோர்ட் கழகம் இருக்கிறது. 2006இல் பீஸ் யுனைட்டட் என்ற ஆதரவாளர் அறக்கட்டளை அதன் பெரும்பான்மைப் பங்கைப் பெற்றது. 2012இல் மெத்யூ பென்ஹாமிடம் உரிமை கைமாறியபோது, மைதான விற்பனையைத் தடுக்கும் சிறப்புப் பங்கை அறக்கட்டளை தன்னிடமே வைத்துக்கொண்டது. முதலீடு நின்றுவிட்டதா? கழகம் 1904 முதல் ஆடிய கிரிஃபின் பார்க்கிலிருந்து 2020இல் புதிய மைதானத்துக்குப் போனது; 2021இல் பிரீமியர் லீக்கில் ஏறியது. சிறப்புப் பங்கு எந்த நல்ல முதலீட்டாளரையும் விரட்டவில்லை.

ஜேர்மனி இதைவிடத் தூரம் போயிருக்கிறது. கழகங்கள் தங்கள் உதைபந்தாட்டப் பிரிவைத் தனி நிறுவனமாக்க 1998இல் அனுமதி கிடைத்தபோதே, வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்று அங்கே விதித்தார்கள். லெவர்குசன், வொல்ஸ்பேர்க் போன்ற விதிவிலக்குகள் உண்டு. லைப்சிக் கழகம் மிகச் சில உறுப்பினர்களை வைத்துக்கொண்டு விதியின் நோக்கத்தை ஏய்த்தது என்ற குற்றச்சாட்டும் உண்டு. ஆயினும் விதி உயிரோடு இருக்கிறது. ஒளிபரப்பு உரிமை வருவாயில் ஒரு பங்கை முதலீட்டாளருக்கு விற்க லீக் அமைப்பு 2023 டிசம்பரில் முடிவெடுத்தபோது, இரசிகர்கள் வாரக்கணக்கில் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை எறிந்து ஆட்டங்களை நிறுத்தினார்கள். 2024 பெப்ரவரியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஒலிவாங்கிக்கு முன்னால் மட்டும் மதிக்கப்படும் இரசிகர்களுக்கும், கழகப் பொதுக்கூட்டத்தில் வாக்கு வைத்திருக்கும் இரசிகர்களுக்கும் உள்ள வித்தியாசம் அங்கே தெரிந்தது.

யாழ்ப்பாணத்து ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய எண்ணமல்ல. அங்கே விளையாட்டுக் கழகம் என்றால் சந்தா, உறுப்பினர் பதிவு, ஆண்டுப் பொதுக்கூட்டம், தெரிவு செய்யப்பட்ட தலைவர், செயலாளர், பொருளாளர். மைதானத்துக்கு மண் நிரப்பவும், சுற்றுமதில் கட்டவும், பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கவும் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் காசு போகும். எவ்வளவு பெரிய தொகை அனுப்பினாலும், அனுப்பியவருக்குக் கழகம் சொந்தமாகிவிடுவதில்லை. அவர் பெயரைக் கல்வெட்டில் பொறிப்பார்கள். கூட்டத்தில் அவருக்கும் ஒரு வாக்குத்தான். கொடையையும் உரிமையையும் பிரித்துப் பார்க்கும் அந்த ஒழுங்கு, இங்கிலாந்தின் பெரிய கழகங்களுக்கும் பொருந்தும்.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இரசிகர்கள் முழுக் கழகத்தையும் சொந்தமாக வைத்திருப்பது எல்லா இடத்திலும் நிலைக்கவில்லை. எக்ஸெட்டர் சிட்டி 2003இல் அறக்கட்டளையின் கைக்கு வந்து, தன் பயிற்சிக்கூடத்தில் ஒல்லி வொட்கின்ஸ் போன்றவர்களை உருவாக்கி, அவர்களை விற்ற காசில் நின்றது. போர்ட்ஸ்மவுத் வேறு வழியில் போனது. 2008இல் எஃப்.ஏ. கிண்ணம் வென்று, இரண்டே ஆண்டுகளில் கடன் தாங்காமல் நிர்வாகியின் பொறுப்புக்குப் போன முதல் பிரீமியர் லீக் கழகம் அது. 2013இல் இரசிகர்கள் ஆளுக்கு ஆயிரம் பவுண் பங்கு வாங்கி அதைக் காப்பாற்றினார்கள். 2017இல் முதலீட்டாளர் மைக்கேல் ஐஸ்னருக்கு விற்பதென்று அவர்களே வாக்களித்தார்கள். அவர் முதலில் போர்ட்ஸ்மவுத்துக்கு வந்து இரசிகர்கள் முன்னால் தன் திட்டத்தை விளக்க வேண்டியிருந்தது. விற்றதில் தவறில்லை. விற்பதா, யாருக்கு விற்பது என்ற முடிவு ஊரின் கையில் இருந்தது.

இரசிகர்களும் ஏமாறுவார்கள். 2009இல் நொட்ஸ் கவுண்டியின் ஆதரவாளர் அறக்கட்டளை, பெரும் பணம் வரும் என்ற வாக்குறுதியை நம்பிக் கழகத்தைக் கையளித்தது. அந்தப் பணம் வரவேயில்லை. அதனால்தான் உங்கள் ஆணையமும் வேண்டும், இரசிகர் பங்கும் வேண்டும். வாங்குபவரின் கணக்கைத் தோண்டிப் பார்க்கும் வசதி உங்களுக்கு உண்டு. ஊருக்கு எது உயிர்நாடி என்பது ஊருக்குத் தெரியும். 2018இல் ஒரே ஒரு பவுணுக்குக் கைமாறிய பெரி கழகம், அடுத்த ஆகஸ்ட்டில் 125 ஆண்டு லீக் வாழ்வை இழந்து வெளியேற்றப்பட்டதே. அங்கே இந்த இரண்டு காவல்களில் ஒன்றுகூடச் சரியாக இருக்கவில்லை.

சட்டம் இந்தப் பங்கைக் கட்டாயமாக்கும் அதிகாரத்தை உங்களுக்கு நேராகத் தரவில்லை என்பதை அறிவேன். உங்களால் செய்யக்கூடிய மூன்று காரியங்களைக் கேட்கிறேன்.

முதலாவது, தங்கப் பங்குக்கான மாதிரி விதிகளை வரைந்து வெளியிடுங்கள். சிறிய அறக்கட்டளைகளுக்கு வழக்கறிஞர் வைக்கக் காசில்லை. உங்கள் முத்திரையோடு வரும் ஆவணம் அவர்களுக்குப் பேச்சுவார்த்தை மேசையில் பலம் தரும். கழகத்தை வாங்க வரும் ஒவ்வொருவரிடமும் இந்த விதிகளை ஏற்பீர்களா என்று கேட்டு, பதிலை எல்லோரும் அறிய வெளியிடுங்கள்.

இரண்டாவது, ஒரு கழகம் நிர்வாகியின் பொறுப்புக்குப் போகும் நிலை வந்தால், ஆதரவாளர் அறக்கட்டளைக்குக் கணக்கு விவரங்களும் விலை கூற நியாயமான அவகாசமும் கிடைக்க உங்கள் செல்வாக்கைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, ஆட்டத்தின் நிலை பற்றி நீங்கள் தயாரிக்க வேண்டிய அறிக்கையில் இரசிகர் உரிமைக்கென்று ஓர் அத்தியாயம் ஒதுக்குங்கள். கலந்தாலோசனை மட்டும் எந்தெந்தக் கழகத்தில் வெறும் சடங்காகிப் போனது என்று எழுதுங்கள். தங்கப் பங்கைச் சட்டமாக்கும்படி அமைச்சரிடம் வெளிப்படையாகக் கோருங்கள்.

உரிமையாளர்கள் வருவார்கள், போவார்கள். மூன்றாம் பிரிவுக்கு இறங்கிய பிறகும் செவ்வாய்க்கிழமை இரவு மைதானத்துக்கு வருபவர்கள் இரசிகர்கள்தான். அவர்களின் கருத்தைக் கேட்கும்படி சட்டம் இப்போது சொல்கிறது. அவர்களின் சம்மதத்தைப் பெறும்படி சொல்லும் நாளை உங்கள் பதவிக் காலத்திலேயே கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
தென்மேற்கு லண்டனிலிருந்து
ஓர் உதைபந்தாட்ட இரசிகர்