ஆடுமுன் சூட்டும் வாகை

அமெரிக்காவிலே, பல்கலைக்கழகங்களிடையே அந்நாட்டு முறையில் நடைபெறும் உதைபந்தாட்டப் போட்டிகள் தொடங்குமுன்னரே, பத்திரிகையாளர் வாக்களித்து அணிகளை வரிசைப்படுத்துவர். 2011இல் 12 ஆட்டங்களுள் 10இல் வென்ற தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், 2012இல் அசோசியேட்டட் பிரஸ் வரிசையில் அவ்வாறே முதலிடம் பெற்றது. பருவ இறுதியிலோ 7 வெற்றியும் 6 தோல்வியுமாய், முதல் 25 இடங்களுள் ஒன்றேனும் பெறாதொழிந்தது. 1964இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழகமும் முதலிடத்திலே தொடங்கி, ஈற்றில் வரிசைக்கே புறம்பாயிற்று.

தோல்வி இழுக்கன்று. சென்ற ஆண்டின் வெற்றியைக் காட்டி, ஆடாத ஆட்டத்துக்கு வாகை சூட்டுவதே இழுக்கு. அப்புகழ் இளைஞர் தேடியதன்று. பிறர் அவர் தலையில் ஏற்றிய கடன். அதனைத் தீர்க்க இயலாதபோது வசையும் அவர்க்கே.

பழைய மாணவ அன்பர்களே! நம் கல்லூரி அணியினரையும் ஆடுமுன் புகழ்ந்து சுமையேற்றாதீர்கள். தோற்ற மாலையில் அவர் அருகே நில்லுங்கள்.