அச்சடித்த வட்டங்கள்
புத்தகக் கடைகளில் ‘மண்டலா’ வண்ணப் புத்தகங்கள் அடுக்கடுக்காகக் குவிந்திருக்கின்றன. அச்சடித்த வட்டத்துக்குள் கோடு தாண்டாமல் வண்ணம் தீட்டினால் மன அழுத்தம் குறையுமாம். பார்க்கும்போதெல்லாம் பிரேசில் நாட்டு மனநல மருத்துவர் நீஸி டா சில்வெய்ராதான் நினைவுக்கு வருகிறார். நோயாளிக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் பொத்தானை அழுத்தச் சொன்னபோது முடியாது என்றவர். அப்புறம் அவருக்குக் கிடைத்தது, யாரும் மதிக்காத தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவு. நோயாளிகள் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த அந்தப் பிரிவில் 1946-இல் ஓவியக்கூடம் திறந்தார். வண்ணமும் தூரிகையும் களிமண்ணும் கொடுத்தார். என்ன வரைய வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. இனித் தேற மாட்டார்கள் என்று கைகழுவப்பட்டவர்கள், யாரும் கேட்காமலே வட்டம் வட்டமாக வரைந்து தள்ளினார்கள். அவற்றின் படங்களை உளவியலாளர் கார்ல் யுங்குக்கு அனுப்பி விளக்கம் கேட்டார் நீஸி. சிதறிய மனம் தன்னைத் தானே சேர்த்துக்கட்டப் பார்க்கிறது என்ற பொருளில் பதில் வந்தது. ரியோவில் 1952-இல் நீஸி தொடங்கிய அருங்காட்சியகத்தில் இன்று நோயாளிகளின் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் இருக்கின்றன. கடையில் விற்கும் வட்டத்தை நான் பழிக்கவில்லை; நல்ல பொழுதுபோக்குதான். அதைச் சிகிச்சை என்று விற்பதுதான் உறுத்துகிறது. சிகிச்சைக்கு வெற்றுத்தாள் வேண்டும். வரைபவரின் பக்கத்தில் பொறுமையாக உட்கார, பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். அந்தப் புத்தகத்தில் இரண்டுமே கிடையாது.