ஈயடிச்சான் காப்பி

ராத்திரி ஒன்பதரை மணிக்கு செல்போன் 'டிங்' என்றது. பார்த்தால் சித்தப்பா. வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ. சுவரில் யாரோ இங்க் பேனாவை உதறியது மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. கீழே ஒரே வரி: 'இது என்ன ஈ?'

பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று இன்னும் நம்புகிற ஒரே மனிதர் எங்கள் சித்தப்பாதான். மூட்டுவலி, வங்கிக் கடன், மோட்டார் காயில் எரிந்தது, எல்லாவற்றுக்கும் எனக்குத்தான் போன். பி.காம். படித்தவனுக்கும் ஈக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் யோசிக்கவில்லை. சரி, நானாவது யோசித்தேனா? போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். முதுகில் நீளவாக்கில் நாலு கோடு. நாலு கோடு இருந்தால் வீட்டு ஈ என்று எங்கேயோ படித்த ஞாபகம். 'சாதா ஈதான் சித்தப்பா, நிம்மதியாத் தூங்குங்க' என்று தட்டிவிட்டு நானும் தூங்கிவிட்டேன்.

காவேரிப்பட்டினம் பக்கம் என்றாலே எல்லாரும் மாம்பழத்தைத்தான் கேட்பார்கள். சித்தப்பா வைத்திருப்பது மல்பெரி. ஒன்றரை ஏக்கர். பட்டுப்புழு வளர்க்கிறார். அந்தத் தடவை '100 முட்டை' எடுத்திருந்தார். (100 முட்டை என்றால் 100 புழு என்று நானும் முதலில் கணக்குப் போட்டவன்தான். 100 தாய்ப்பூச்சிகள் இட்ட முட்டைகள் என்று அர்த்தம். ஒரு பூச்சிக்கு நானூறு, ஐந்நூறு. ஆகமொத்தம் நாற்பதாயிரம் புழுவுக்கு மேல்!) நாலாம் தோலுரிப்பு முடிந்து, புழுக்கள் மழை பெய்கிற சத்தத்தோடு இலையைத் தின்றுகொண்டிருந்த நேரம். கூட்டைப் போட்டுக் காசு வந்தால்தான் தங்கச்சிக்கு நர்சிங் காலேஜ் ரெண்டாவது வருஷ ஃபீஸ்.

நாலாம் நாள் போட்டோ வரவில்லை. போனே வந்தது.

"டேய், புழு மேலெல்லாம் கறுப்பா புள்ளி விழுந்திருக்குடா. நீ சாதா ஈன்னு சொன்னியே?"

குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பஸ் பிடித்துப் போனேன். எனக்கு முன்பே பட்டு வளர்ச்சித் துறையிலிருந்து ஒருவர் வந்து புழுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஊசி ஈ சார்" என்றார். என் போட்டோ ஜோசியத்தைப் பற்றிச் சித்தப்பா அவரிடம் மூச்சு விடவில்லை. பெரிய மனுஷர்.

இந்த ஊசிக்கும் டாக்டர் போடும் ஊசிக்கும் சம்பந்தமே இல்லையாம். ஜப்பான்காரர்கள் புழுத்த புழுவை 'உஜி' என்பார்கள். அது கன்னடத்தில் ஊஜியாகி, நம்மிடம் வந்து ஊசியாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால் ஜப்பானில் அந்தப் பெயர் உள்ள ஈ வேறு ஜாதி. அது மல்பெரி இலையில் முட்டை வைக்கும், புழு இலையோடு சேர்த்து முட்டையையும் தின்னும். நம்ம ஊர் ஈக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. நேராகப் புழுவின் தோல் மேலேயே வெள்ளையாகக் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். ரெண்டு மூணு நாளில் அது பொரிந்து, குட்டி உள்ளே துளைத்துக்கொண்டு போகும். போன இடத்தில் ஒரு கறுப்புத் தழும்பு. உள்ளே உட்கார்ந்து தின்றுகொண்டு, அந்த ஓட்டை வழியாகத்தான் மூச்சும் விடுமாம். வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் ஜன்னலையும் திறந்து வைத்துக்கொண்ட கதை.

நான் மெதுவாக, "முதுகுல நாலு கோடு இருந்தா வீட்டு ஈ இல்லையா?" என்று கேட்டேன்.

"இதுக்கும் நாலு கோடுதான் சார்" என்றார்.

அப்புறம் செத்துக் கிடந்த ஒன்றை எடுத்துப் பாடமே நடத்திவிட்டார். வீட்டு ஈ ஆறேழு மில்லிமீட்டர். இது பெரிசு, ஒரு சென்டிமீட்டர் வரும். ஆனால் போட்டோவில் அளவு எங்கே தெரிகிறது? பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்து எடுக்கலாம்தான், காசு வைக்கிற வரை ஈ உட்கார்ந்திருந்தால். வயிற்றுப் பக்கம் முள் முள்ளாக மயிர் விறைத்து நின்றால் ஊசி ஈ. மூக்குக்கு மேலே உணர்கொம்பில் ஒரு சின்ன முடி இருக்கும். வீட்டு ஈக்கு அது இறகு மாதிரி, இதற்கு வெறும் முடி. இன்னொன்று உண்டு, சதை ஈ. முதுகில் மூணே கோடு, வயிற்றில் சதுரங்கக் கட்டம். இதெல்லாம் போக, முதுகு முடிகிற இடத்துக்கு அடியில் ஊசி ஈயின் குடும்பத்துக்கே உரிய ஒரு சின்னப் புடைப்பு இருக்கிறதாம். அது பக்கவாட்டில் பார்த்தால்தான் தெரியும். சித்தப்பா எடுத்ததோ உச்சந்தலைக்கு நேராக!

இவ்வளவும் பார்த்தாலும் குடும்பப் பெயர்தான் கிடைக்கும். அதே குடும்பத்து அண்ணன் தம்பிகளுக்குள் யார் என்று சொல்ல, ஆண் ஈயின் பின்பகுதியை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டுமாம். விஞ்ஞானிகளே இந்த ஈயை ரொம்ப நாள் பங்காளி ஈயின் பெயரில் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்று பிறகு படித்தேன். இப்போது 'எக்சோரிஸ்டா பாம்பிசிஸ்'. எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. சித்தப்பாவிடம் சொல்லவில்லை.

இந்த ஈக்கு 1880இல் வங்காளத்தில் லூயி என்பவர் பெயர் வைத்தார். சரியாக நூறு வருஷம் கழித்து, 1980இல், வங்காளத்துக் கூட்டுக்குள் ஒளிந்துகொண்டு கர்நாடகத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து நம்ம எல்லைக்குள் வர எத்தனை நேரம்? ஓசூர் வழியாக வருகிற லாரியைச் செக்போஸ்டில் நிறுத்துவார்கள். ஈயை யார் நிறுத்துவது?

சித்தப்பா அவசரத்தில் கொசு மருந்து வாங்கி வைத்திருந்தார். "அதை மட்டும் அடிச்சிடாதீங்க, ஈக்கு முன்னாடி புழு போயிடும்" என்று ஆபீசர் பிடுங்கி வைத்துவிட்டார். ஜன்னல் வலையில் எலி கடித்த ஓட்டை இரண்டு. அதைத் தைத்தோம். மாத்திரை கரைத்த தண்ணீரை வெள்ளைத் தட்டில் ஊற்றி ஜன்னலில் வைத்தோம். ஈ அதில் வந்து விழும். 'நெசோலின்க்ஸ்' என்று ஒரு பொடிக் குளவி, பையோடு தந்தார்கள். இந்த ஈயின் கூட்டுப்புழுவைத் தேடிப் போய் அதற்குள் இது முட்டையிடுமாம். கடன் கொடுத்தவனுக்கும் ஒரு கடன்காரன்!

ஆனால் ஏற்கெனவே உள்ளே போனது போனதுதான். புழு கூடு கட்டியது. உள்ளேயிருந்து ஈயின் குட்டி கூட்டைத் துளைத்துக்கொண்டு வந்து, பொத்துப் பொத்தென்று விழுந்து, இருட்டு மூலை தேடி ஓடியது. நானும் சித்தியும் பொறுக்கிப் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போட்டோம். ஒரு கூட்டில் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் வரை ஒரே இழை. ஒரே ஒரு ஓட்டை விழுந்தால் இழை அறுந்தது, நூற்க முடியாது. கழிவு விலைதான். நல்ல கூடு 58 கிலோ தேறியது. ஓட்டை விழுந்தது பதினோரு கிலோ. தனி மூட்டையாகக் கட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன். அந்த ஒன்பதரை மணிக்கு நான் 'தெரியலை, ஆபீசரைக் கேளுங்க' என்று சொல்லியிருந்தால், நாலு நாள் முன்னாடியே வலையைத் தைத்திருப்பார்.

ஃபீஸில் குறைந்ததை நான் கட்டினேன். சித்தப்பா வேண்டாம் என்றுதான் சொன்னார். தங்கச்சி மட்டும், "ஈ டாக்டர் ஃபீஸ் கட்டறாரு, கட்டட்டும்ப்பா" என்றாள்.

போன வாரம் மறுபடி ஒரு 'டிங்'. மனுஷர் இந்தத் தடவை ஈயை அடித்து, கோடு போட்ட நோட்டுத் தாளில் செல்லோ டேப்பால் ஒட்டி, பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசையும் வைத்து, மேலே, பக்கவாட்டில், பின்னால் என்று மூணு போட்டோ அனுப்பியிருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எண்ணினேன். மூணு கோடு. வயிற்றில் கட்டம்.

"சதை ஈ மாதிரி இருக்கு சித்தப்பா. எதுக்கும் ஆபீசருக்கும் அனுப்புங்க."

"அவருக்குத்தான்டா முதல்ல அனுப்பினேன்" என்றார்.