கதை சொல்ல யாருக்கு நேரம் இருக்கிறது?

கைபேசியில் படக்கதை இலவசம் என்கிறார்கள். யானையைத் தொட்டால் பிளிறும், மேகத்தைத் தொட்டால் மழை பெய்யும், குழந்தை தானே படித்துக்கொள்ளும், அம்மாவுக்கு வேலை மிச்சம் என்கிறார்கள். சிவகாசிப் பக்கத்துப் பெண்களை வைத்து இந்த இலவசத்தைக் கணக்குப் பார்ப்போம்.

முதலில், கைபேசி யாருடையது? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய இந்தியப் பெண்கள் 33 சதவீதம். ஆண்கள் 57 சதவீதம். ஒரே கைபேசி உள்ள வீட்டில் அது அப்பாவின் சட்டைப்பையில் வெளியே போய்விடும். இரவில் முதலில் அண்ணன் கைக்கு, மிச்சமிருக்கும் சார்ஜில் தங்கை கைக்கு.

அடுத்தது நேரம். பட்டாசிலும் தீப்பெட்டியிலும் பெண்கள் செய்வதில் பெரும்பகுதி எண்ணிக்கைக் கூலி. சரம் பின்னினால் சரத்துக்கு, பெட்டி அடைத்தால் குரோஸுக்கு. அதை முடித்து வந்தால் அடுப்பும் தண்ணீரும் துணியும். வீட்டிலேயே பெட்டி ஒட்டுகிறவள் மகளை மடியில் வைத்து அரைமணி நேரம் கதை படித்தால், அந்த அரைமணிக் கூலி போயிற்று.

2019இல் அமெரிக்காவில் டிஃபனி மன்சர் குழுவினர் 37 பெற்றோர்-குழந்தை இணைகளைக் கவனித்து 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் எழுதினார்கள். அச்சுப் புத்தகத்தைவிட மின்புத்தகத்தில் இருவரும் பேசிக்கொள்வது குறைந்தது. 'அதைத் தொடாதே' என்கிற வகைக் கண்டிப்புகள் கூடின. இதைக் கேட்டதும் நம் ஊர் என்ன சொல்லும்? 'அம்மாக்கள் போனைக் கொடுத்துப் பிள்ளையைக் கெடுக்கிறார்கள்.' அப்பா ஏன் வாசிப்பதில்லை என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

இந்த ஊர்ச் சிறுமிகளுக்குப் படங்கள் புதிதல்ல. மயிலும் புலியும் அச்சிட்ட தீப்பெட்டி லேபிள்களைத் தலைமுறையாகத் தொட்டவர்கள் அவர்கள்தான். அந்தத் தொடுதல் விளையாட்டல்ல, கூலி வேலை. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில், ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிள்ளைகளின் விளையாட்டைப் பறித்ததில் முதலாளிக்கும் அரசுக்கும் பொறுப்பு உண்டு என்றுதானே அதற்குப் பொருள்? அதைத் திருப்பித் தரும் பொறுப்பு மட்டும் ஏன் அம்மா தலையில்?

நான் திரைக்கு எதிரியல்ல. எழுத்து தெரியாத அம்மாவுக்கும் பார்வையற்ற குழந்தைக்கும் கதையைப் படித்துக்காட்டும் குரல் பெரிய உதவி. ஆனால் அந்தக் குரலைக் காட்டி மற்ற எல்லோரும் கைகழுவிக்கொள்வதை ஏற்க மாட்டேன்.

வழி இல்லாமல் இல்லை. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் தமிழ்ப் படக்கதைகள் திறந்த உரிமத்தில் இருக்கின்றன, யாரும் அச்சிடலாம். நாடு முழுவதற்கும் நாட்காட்டியும் டைரியும் அச்சடிக்கும் ஊரில் அச்சகத்துக்கா பஞ்சம்? அவற்றை அச்சிட்டு ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் கொடுங்கள். 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே குழந்தைகள் காப்பகம் இடம்பெற்றிருந்தது. வெடிமருந்து எட்டாத இடத்தில் அதைக் கட்டுங்கள். அங்கே கதை வாசிக்கச் சம்பளத்துக்கு ஆள் வையுங்கள். கூலியை உயர்த்துங்கள், அம்மாவுக்கும் ஒரு மாலை மிஞ்சட்டும். அந்த மாலையில் அவள் கதை சொல்வாளா, சும்மா படுத்திருப்பாளா என்பது அவள் விருப்பம். அன்றைக்குக் கதையை அப்பா வாசிக்கட்டும்.