முதலில் தறியை நிறுத்துங்கள்!

சங்கரன்கோவில், விசைத்தறி ஓடும் ஊர். தறியில் ஓர் இழை அறுந்தால் தொழிலாளி என்ன செய்கிறார்? முதலில் தறியை நிறுத்துகிறார். பிறகு அறுந்த இழையைத் தேடி எடுத்து முடிச்சுப் போடுகிறார். ஓடுகிற தறிக்குள் யாரும் கையை விடுவதில்லை.

இந்த நிதானம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் வேண்டும்.

2011-ம் ஆண்டில் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அதுவரை கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத குடும்பங்களுக்கும் அது வந்து சேர்ந்தது. பிள்ளையின் பாடம் அதில். கல்லூரி விண்ணப்பம் அதில். அக்காள் கல்யாணப் படம் அதில். பேங்க் கணக்கு பார்ப்பதும் அதில்தான்.

ஒரு நாள் அந்தப் பெட்டிக்குள் விளம்பரம் புகுந்துவிடுகிறது. எதைத் திறந்தாலும் விளம்பரம். ஒன்றை மூடினால் இன்னொன்று. தேடுவது ஒன்று, வந்து நிற்பது வேறொன்று.

எப்படி வந்தது?

அது பூட்டை உடைத்துக்கொண்டு வருவதில்லை. பெரும்பாலும் வீட்டில் உள்ளவர்களே கதவைத் திறந்துவிடுகிறார்கள். இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஒரு விளையாட்டை இறக்குகிறார்கள். படித்துப் பார்க்காமல் "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று அழுத்துகிறார்கள். அதோடு ஒட்டிக்கொண்டு விளம்பரப் புரோகிராமும் நுழைகிறது. இதற்கு 'ஆட்வேர்' என்று பெயர். அது காட்டும் விளம்பரத்தால் எங்கோ ஒருவனுக்குக் காசு!

2017-ம் ஆண்டு ஜூன் மாதம் 'பயர்பால்' என்ற ஆட்வேர் பற்றிய செய்தி வந்தது. இலவசப் புரோகிராம்களோடு சேர்ந்து அது பரவியது. இந்தியாவில் மட்டும் 2 கோடியே 53 லட்சம் கம்ப்யூட்டர்களில் புகுந்துவிட்டது என்று 'செக் பாயிண்ட்' என்ற பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. அந்தக் கணக்கு மிகை என்று மைக்ரோசாப்ட் மறுத்தது. எண்ணிக்கையில்தான் தகராறு. புகுந்தது உண்மை.

பதறினால் மோசம்

விளம்பரம் வெறும் தொல்லை. அதை விரட்டப் போய் ஏமாறுவதுதான் ஆபத்து.

திடீரென்று திரை சிவக்கிறது. "வைரஸ்! உடனே இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்" என்று அலறுகிறது. போன் செய்தால் ஒருவன் மரியாதையாகப் பேசுகிறான். "ஒரு புரோகிராமைப் போடுங்கள், இங்கிருந்தே சரி செய்கிறேன்" என்கிறான். போட்டால் கம்ப்யூட்டர் அவன் கையில். அடுத்து பேங்க் பணம்!

இப்படிப்பட்ட எச்சரிக்கைகளைக் காட்டி வெளிநாட்டவர்களிடம் பணம் பறித்த கும்பல்களைப் பிடிக்க, 2023 அக்டோபரில் சி.பி.ஐ. நம் நாட்டில் பல இடங்களில் சோதனை நடத்தியது. நல்ல கம்பெனி எதுவும் திரையில் அலறி, போன் நம்பர் கொடுப்பதில்லை. "இலவசமாகச் சுத்தம் செய்கிறோம்" என்று விளம்பரத்தில் வரும் மருந்தும் வேண்டாம். திருடனிடமே பூட்டு வாங்குவார்களா?

செய்ய வேண்டியது

முதலில் இணையத் தொடர்பை நிறுத்த வேண்டும். திரை மூட மறுத்தால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தலாம். 'டாஸ்க் மேனேஜர்' வரும். அதில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து நிறுத்திவிடலாம்.

அடுத்து, படங்களையும் பாடங்களையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைக்க வேண்டும். புரோகிராம்களை அதில் ஏற்றக்கூடாது.

பிறகு 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ஆப்ஸ்' பட்டியலைத் தேதி வாரியாகப் பார்க்க வேண்டும். தொல்லை தொடங்கிய நாளில் புதிதாக வந்தது எது? அதை 'அன்இன்ஸ்டால்' செய்யலாம். பெயர் புரியவில்லை என்பதற்காகக் கண்டதை எல்லாம் நீக்கக்கூடாது. ஒலிக்கும் திரைக்கும் தேவையானவையும் அங்கே இருக்கும்.

பிரவுசரில் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று, 'எக்ஸ்டென்ஷன்'. வேண்டாததை நீக்கலாம். மற்றொன்று, 'நோட்டிபிகேஷன்'. என்றோ 'அலோ' என்று அழுத்திய தளங்கள் அங்கே வரிசையாக நிற்கும். அவற்றைத் தடுத்தால் மூலையில் முளைக்கும் விளம்பரம் பெரும்பாலும் நின்றுவிடும். அப்படியும் அடங்காவிட்டால் 'ரீசெட்' செய்யலாம்.

கடைசியாக, 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து 'புல் ஸ்கேன்' ஓடவிட வேண்டும். இது விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கூடவே வருவது. தனியாகக் காசு இல்லை. நேரம் ஆகும், பொறுமை வேண்டும். இன்னும் சந்தேகமா? மத்திய அரசு 2017-ல் தொடங்கிய 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா'வும் இலவசக் கருவிகள் தருகிறது.

சுத்தம் ஆன பிறகு பாஸ்வேர்டுகளை மாற்றிவிட வேண்டும். பணம் போயிருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். பேங்குக்கும் சொல்ல வேண்டும்.

திட்டாதீர்கள்!

இதில் பெற்றோருக்கும் ஒரு கடமை உண்டு. "நீதான் கெடுத்தாய்" என்று திட்டினால், அடுத்த முறை பிள்ளை சொல்லாது. பயந்து மறைக்கும். யாருக்கும் தெரியாமல் சரிசெய்யப் பார்த்து, அந்தச் சிவப்புத் திரையில் இருக்கும் எண்ணுக்குத் தானே போன் செய்யும். ஏமாற்றுக்காரனுக்கு வேண்டியது அதுதான்.

பள்ளிகளும் இதைச் சொல்லித்தர வேண்டும். லேப்டாப் கொடுப்பது பாதி வேலை. அதைக் காப்பாற்றக் கற்றுக் கொடுப்பது மீதி வேலை. வகுப்பில் ஒரு மணி நேரம் போதும். கற்றுக்கொண்ட பிள்ளை வீட்டுக்கு வந்து அம்மாவுக்குச் சொல்லும். அம்மா பக்கத்து வீட்டுக்குச் சொல்வாள்.

இழை அறுந்ததற்காகத் தறியைத் தூக்கி எறிவதில்லை. ஆனால், நிறுத்தாமல் தொடுவதும் இல்லை. சங்கரன்கோவில் பிள்ளைகளுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா தறியில் செய்வதைக் கம்ப்யூட்டரிலும் செய்யச் சொன்னால் போதும்.