திரைக்கு அப்பாலுள்ள ஆகாயம்

சிதம்பரம் ஆகாய க்ஷேத்திரம். திரையை விலக்கினால் அங்கே தென்படுவது வெற்றிடமும் பொன் வில்வ மாலைகளுமே என்பதை நேயர்கள் அறிவார்கள். கடலூர்க் கடற்கரையில் நின்று நாம் காணும் வானத்துக்கும் ஒரு திரை உண்டு. பூமியைச் சூழ்ந்த வாயுமண்டலமே அது. நக்ஷத்திரங்கள் வீசும் எக்ஸ்-ரே கிரணங்களை அது கீழே வரவிடுவதில்லை. (விட்டால் நம் உயிருக்கே ஆபத்து, ஆகவே குறை சொல்வதற்கில்லை.)

ஆகையால் கருவிதான் திரைக்கு மேலே போக வேண்டும். 2015 செப்டம்பர் 28-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ‘அஸ்ட்ரோஸாட்’ சென்றது இதற்காகவே. எக்ஸ்-ரே, ஆடியில் நேரே விழுந்தால் திரும்பாது. சறுக்கி விழுந்தால்தான் திரும்பும். குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் தத்தவிடும் சிறுவர்களுக்கு இது விளங்கும். எனவே பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தார் பொன் முலாமிட்ட அலுமினியத் தகடுகளை ஒன்றுக்குள் ஒன்றாக 40 அடுக்குகள் அமைத்தார்கள்.

கிரணங்கள் குவியும் இடத்தில் ஸி.ஸி.டி. என்னும் சிலிக்கன் பலகை இருக்கிறது. எக்ஸ்-ரே துளி ஒன்று விழுந்தால் எலெக்ட்ரான்கள் உதிரும். அவற்றை எண்ணினால் துளியின் சக்தி தெரியும். விழுந்த இடங்களைச் சேர்த்தால் படம் கிடைக்கும். உஷ்ணத்தினால் தாமாக உதிரும் எலெக்ட்ரான்கள் கணக்கைக் கெடுக்குமாதலால், பலகையைப் பூஜ்யத்துக்குக் கீழ் 80 டிகிரிக் குளிரில் வைத்தார்கள்.

இத்தகைய கண் எவ்வளவு மெல்லியது என்பதை, நம் சந்திரசேகரின் பெயர் தாங்கி 1999 ஜூலையில் அமெரிக்கர் அனுப்பிய ‘சந்திரா’ காட்டிற்று. பூமியைச் சுற்றியுள்ள கதிரியக்க வளையத்தைக் கடக்கையில், புரோட்டான்களும் அதே ஆடிகளில் சறுக்கி வந்து பலகைகளைத் தாக்கின. சில வாரங்களுக்குள் பத்துப் பலகைகளில் எட்டு பழுதடைந்தன. சந்திரனுக்குள்ள தூரத்தில் மூன்றிலொரு பங்கு எட்டும் பாதையில் சென்று பழுது பார்ப்பார் யார்? வளையத்தை நெருங்கும்போதெல்லாம் காமிராவைக் குவியத்திலிருந்து நகர்த்தி வைக்க உத்தரவிட்டார்கள். கால் நூற்றாண்டு கடந்தும் அது படமெடுத்தது.

நமக்கு ஒரு மனக்குறை உண்டு. அஸ்ட்ரோஸாட்டின் ஆடிகள் நம்முடையவை. அந்தக் கண்ணோ இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. 2024 ஜனவரி 1-ல் சென்ற ‘எக்ஸ்போஸாட்’டில் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தார் செய்த ‘போலிக்ஸ்’ இருந்தது. நல்ல காரியம். ஆனால் அது கிரணங்கள் அதிரும் திசையை அளப்பது, படமெடுப்பதன்று.

அஸ்ட்ரோஸாட் திரட்டிய விவரங்கள் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவரோ, கடலூர்க் கல்லூரி மாணவியோ காசு கொடாமல் எடுத்து ஆராயலாம். அந்தச் சிலிக்கன் பலகையைச் செய்ய எங்கே கற்கலாம் என்று அவர்கள் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர்கள் பல்கலைக்கழகத்தாரும் சர்க்காருமே.